வெள்ளை டியூப்

ஓவியன் பெயின்ட் டியூப்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் போட்டான். ஜாக்குலினின் கண் வெள்ளை டியூபிலேயே ஒட்டிக்கொண்டது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் ‘ஜெபகுமார் ஆர்ட்ஸ்’ என்று ஒரு சின்னக் கடை. வாசல் ஸ்டூலில் உட்கார்ந்தால் ஜெபகுமார் எதிரில் நின்று ஆயில் பெயின்டில் முகத்தை வரைந்து தருவான். வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்.

ஜாக்குலினுக்கு ஊர் சதுரங்கப்பட்டினம், பக்கத்துக் கல்பாக்கத்தில் நர்ஸ். அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். தன் கறுப்பை இந்த மனிதன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பது தெரிந்த கதைதான். போன மாதம் செங்கல்பட்டு ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்த போட்டோவில் யாரோ ஒரு ரோஸ் நிறத்துக்காரி உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு அதைப் பார்த்து உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் கொடுத்தனுப்புகிறாள்.

ஜெபகுமார் பலகையில் மஞ்சளைப் பிதுக்கினான். பக்கத்தில் சிவப்பு. இரண்டையும் குழைத்ததும் ஆரஞ்சு வந்தது.

போச்சு, அடுத்தது வெள்ளைதான் என்று நினைத்தாள்.

அவன் நீலத்தை எடுத்தான். துளி வைத்துக் குழைத்தான். ஆரஞ்சு அடங்கிப் பழுப்பானது. இன்னும் கொஞ்சம் வைத்தான். அவள் தன் புறங்கையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். அச்சு அசல் அதே நிறம்.

கன்னத்தில் வெயில் படுகிற இடத்துக்கு ஆரஞ்சைக் கூட்டினான். கழுத்து நிழலுக்கு நீலத்தைக் கூட்டினான். வெள்ளை டியூப் மூடியோடு அப்படியே கிடந்தது. அதை அவன் மறந்துவிட்டானோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது.

பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். “வெள்ள போட மாட்டீங்களா?”

அவன் பிரஷை நிறுத்தினான். அவள் முகத்தில் நெற்றியிலிருந்து மோவாய் வரை மெனக்கெட்டுத் தேடினான்.

“கண்ணுக்குக் கொஞ்சம் போடணும். வேற எங்கங்க கீது வெள்ள?”

கிண்டலெல்லாம் இல்லை. நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறான், லூசு. ஜாக்குலினுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்த சிரிப்பில் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

“தோ, பல்லுல கீது. அப்டியே சிரிச்சிகினு இருங்க” என்று அவன் அவசரமாக வெள்ளை டியூபைத் திறந்தான்.

முடித்துவிட்டுப் படத்தை அவள் பக்கம் திருப்பினான். அதில் ஒரு கறுப்புப் பெண் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அழகாக இருந்தாள். தன்னைப் பற்றி அப்படி நினைப்பதில் ஜாக்குலினுக்குக் கூச்சமே வரவில்லை.

“காய நாலஞ்சு நாளாவும். எங்க கொண்டாந்து குடுக்கணும் சொல்லுங்க.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“ஞாயித்துக்கெழம சதுரங்கப்பட்டினத்துக்குப் பொண்ணு பாக்க வரீங்கல்ல, அப்ப எடுத்துக்கினு வாங்க.”