காலர் முதல்ல!

"உங்க அட்வைஸை வீட்டுலயே யாரும் காது குடுத்துக் கேக்கல. ஊரான் வீட்டுப் பிள்ளைங்க மட்டும் கேட்டுடுமாக்கும்!" என்றாள் மனைவி.

சலவைக்கடைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி முன் நின்று, தாமே தேய்த்த வெள்ளைச் சட்டையில் இல்லாத சுருக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஆனால் தெருவில் அவருக்குப் பெயர் 'அட்வைஸ் அண்ணன்'. தேய்த்த சட்டையை வாங்க வருகிறவன் கூடவே அரைமணி நேர அட்வைஸையும் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். அதற்குப் பயந்தே வாலிபப் பிள்ளைகள் துணியை அம்மாவிடம் கொடுத்தனுப்பினார்கள். சொந்த மகனோ, அப்பா தொண்டையைச் செருமினாலே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வான். பாவம் மனுஷன், ஒரே ஒரு பிள்ளையாவது தாம் சொல்வதை முழுசாகக் கேட்காதா என்று ஏங்கிக் கிடந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான், போன வாரம், ஊர்த் தொண்டு அமைப்பு ஒன்றின் செயலாளர் பெண் போன் செய்திருந்தாள். "சார், ஞாயித்துக்கிழமை இளைஞர் கூட்டத்துக்கு நீங்கதான் வழிகாட்டி!" அதற்கு மேலும் என்னவோ சொன்னாள். தலைகால் புரியாத சந்தோஷத்தில் இவருக்கு எதுவும் ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று. கண்ணாடியை விட்டுக் கிளம்பி, மண்டபத்து வாசலில் போய் இறங்கினார். அங்கே ஓர் இளைஞன் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தான்.

"என்ன தம்பி, கூட்டத்துக்கா?"

"ஆமா சார். உள்ள போறதா, இப்படியே வீட்டுக்கு ஓடிடறதான்னு தெரியல."

இவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கே. நான்தான் இங்க வழிகாட்டி. என்ன பயம், சொல்லு? எந்திரிச்சு நின்னு ஏதாவது பேசச் சொல்வாங்கன்னா?"

"கிட்டத்தட்ட அதுதான் சார். நாலு பேரைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்குது."

"பூ, இவ்வளவுதானா! சட்டையில எதை முதல்ல தேய்க்கணும், தெரியுமா?"

"தெரியாதே சார்."

"காலரை! அதுதான் படுத்துற இடம். அதை முதல்லயே முடிச்சுட்டா மத்ததெல்லாம் சொன்ன பேச்சு கேக்கும். உனக்கு எது பயமோ அதை முதல் வாக்கியமா போட்டு உடைச்சுடு. 'எனக்குப் பேசவே வராது'ன்னு சொல்லு. காலர் முடிஞ்சுது!"

"அப்புறம் சார்?"

அப்புறமா! இருபது வருஷத்தில் இவரிடம் யாரும் கேட்காத கேள்வி. கண் கலங்கிவிட்டது.

"அப்புறம் கைக்கு வருவோம். அவசரமே கிடையாது, நிதானமா ஒண்ணொண்ணா."

இளைஞன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, விடுவிடுவென்று உள்ளே போனான். 'அடியே, வந்து பாருடி!' என்று மனைவியை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டார் இவர்.

செயலாளர் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சார், உங்களை எங்கெல்லாம் தேடுறது!"

"இதோ வந்துட்டேன்மா. மேடை எந்தப் பக்கம்?"

"மேடையா?" என்றவள், அம்புக்குறி போட்ட பெரிய பலகை ஒன்றை அவர் கையில் திணித்தாள். "தெருமுனையில நின்னு வண்டி நிறுத்த வழிகாட்டணும்னு அன்னிக்கே போன்ல சொன்னேனே! பாதிப் பேரு பக்கத்து ஆஸ்பத்திரிக்குள்ள வண்டியை விட்டுட்டாங்க."

இவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப... பிள்ளைங்களுக்கு அட்வைஸ் சொல்றது யாரு?"

"அதுக்குப் பெரிய கம்பெனி நடத்துறவரைக் கூப்பிட்டிருக்கோம் சார். இதுக்கு முன்னாடி ரெண்டு கூட்டத்துக்கும் வாசல் வரைக்கும் வந்துட்டு ஓடிட்டாரு. நல்லவேளை, இன்னிக்கு என்னமோ தானாவே உள்ள வந்துட்டாரு."

பலகையைத் தூக்கிக்கொண்டு, தலை குனிந்தபடி முனையை நோக்கி நடந்தார் சலவைக்கடைக்காரர். பின்னாலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது:

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேசவே வராது. சரி, காலர் முடிஞ்சுது. இனிமே கைக்கு வருவோம்."