குழாயில் ரெண்டு தட்டு

"வாயைத் திறந்து 'போதும்'னு சொன்னா முத்து உதிர்ந்துடுமா உனக்கு?"

சூப்பர்வைசர் கேட்டார். டிரம் நிரப்புகிறவள் ஸ்பேனரால் குழாயில் 'டங் டங்' என்று ரெண்டு தட்டு தட்டினாள். மேல்தளத்தில் மோட்டார் நின்றது.

கண்ணில் பட்டால் பார்வையையே பறித்துவிடும் ரசாயனம் அது. மேலே தொட்டியும் மோட்டாரும், அதை ஓட்டும் பெரியவரும். கீழே டிரம்மும் தராசும், இவளும். எடை சேர்ந்ததும் இவள் சொல்ல வேண்டும், அவர் நிறுத்த வேண்டும்.

அடுத்த மாதம் முதல் அதற்கும் வேலையில்லை. புது மிஷின் தானே எடை பார்த்து, மோட்டாரைத் தானே மெதுவாக்கி, தானே நிறுத்திவிடும். பக்கத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும்.

சூப்பர்வைசருக்கு மனசை என்னவோ செய்தது. ஒரு காலத்தில் இந்த ஷெட்டே அமர்க்களப்படும்.

"போதும்ண்ணே...!" என்று கீழிருந்து இழுப்பாள் இவள்.

"நிறுத்தியாச்சு தாயே! ஊரைக் கூட்டாதே!" என்பார் அவர்.

கூடப் பிறந்தவர்கள் தோற்றுப்போவார்கள். லாரிக்காரர்கள்கூட அந்தக் கூச்சலைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். என்ன நாட்கள் அவை!

யார் கண் பட்டதோ, ஒரு நாள் இவள் வாயை மூடிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள். அன்றிலிருந்து 'டங் டங்'தான். என்ன சண்டை என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சார்."

பெரியவரும் அதற்கப்புறம் யாரோடும் பேசுவதில்லை. எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். பாவம், மனசு ஒடிந்துவிட்டது என்றார்கள். இவளுக்குத் திமிர் என்றார்கள்.

புது மிஷினுக்கு யார் என்று மேனேஜர் கேட்டபோது, சூப்பர்வைசர் யோசிக்காமல் பெரியவரைச் சொன்னார்.

"இந்த மாசத்தோட உனக்கு வேலை இல்லம்மா. அவரைத்தான் வெச்சுக்கிறோம்."

"சரி சார்" என்றவள், அடுத்த டிரம்மை உருட்டி வைத்தாள். முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. அதுவும் சூப்பர்வைசருக்கு எரிச்சலாக இருந்தது.

நல்ல சேதியைத் தானே சொல்லலாம் என்று படியேறினார்.

"அண்ணே!"

பெரியவர் திரும்பவில்லை. இடது உள்ளங்கையைக் குழாயின் மேல் அழுத்தி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மோட்டார் இரைச்சலில் கேட்கவில்லை போலிருக்கிறது.

கீழே 'டங் டங்'. குழாய் அதிர்ந்தது. பெரியவரின் வலது கை சட்டென்று ஸ்விட்சை அணைத்தது.

இப்போது இரைச்சல் இல்லை. சூப்பர்வைசர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தியே கூப்பிட்டார்.

பெரியவர் அசையவே இல்லை.

சூப்பர்வைசர் சத்தம் காட்டாமல் இறங்கி அவளிடம் வந்தார்.

"எத்தனை வருஷமாம்மா அவருக்குக் காது கேக்கல? என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீ திட்டு வாங்கினது போதும். இப்பவே போய் உன் பேரைச் சொல்லிடறேன்."

அன்றுதான் முதல்முறையாக அவள் பதறினாள்.

"ஐயோ, மாத்திடாதீங்க சார்! புது மிஷின்ல டிரம் நிறைஞ்சா விளக்குதான் எரியும்னாங்க. எனக்கு எங்கேயாவது வேலை கிடைச்சுடும். காது கேக்காம அண்ணன் பார்க்கிற மாதிரி வேலை, இது ஒண்ணுதானே இருக்கு?"