மதகு உடைந்த நேரம்

"ஒரு கையெழுத்துத்தானே கேக்கிறன்? காணியை எழுதித் தா எண்டு கேக்கேல்லையே!" பஞ்சலிங்கம் மூன்றாம் முறையாகப் பேனையை நீட்டினார்.

ஜொனதன் வாங்கவில்லை. உடைந்த மதகுப் பாலத்தின் விளிம்பில் நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளம் வடிந்து ஒரு மாதமாகிவிட்டது. குறுக்கே போட்ட இரண்டு பனங்குற்றிகளின் மேல்தான் ஊர் இன்னும் நெல்லியடிக்குப் போய் வந்தது.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிருஷன் அளவு நாடாவைச் சுற்றி மோட்டார் சைக்கிளில் வைத்தான். "ஐயா, வெள்ளத் திருத்த வேலைக்கு அரசாங்கம் தந்த காசு பத்து மதகுக்குத்தான் காணும். உடைஞ்சது நாப்பத்திமூண்டு. உயிர் போன இடமெண்டால் முதல் பத்துக்குள்ளை வரும். ஆனா செத்தவையின்ரை குடும்பம் கையெழுத்து வைக்கவேணும்."

"கேட்டியே?" பஞ்சலிங்கம் படிவத்தை ஜொனதனின் முகத்துக்கு நேரே பிடித்தார். "உன்ரை மனுசி ஜெயனி மூச்சு முட்டி இழுத்துச் செத்தது ஊருக்குத் தெரியும். மதகு உடைஞ்சு அம்புலன்ஸ் வரேலாமல் போனதும் தெரியும். அதைத்தான் எழுதிக் கிடக்கு. ஒரு சொல்லுப் பொய் இல்லை."

"வேண்டாம், பஞ்சண்ணை."

"ஏன் வேண்டாம்?"

"உங்களுக்காகத்தான் சொல்லுறன்."

பஞ்சலிங்கத்துக்குச் சுர்ரென்றது. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒன்பது வருடமாகத் தலைவர் அவர். முப்பது வயதுப் பொடியன் அவரையே வெருட்டுகிறான். பெண்சாதி போன நாளிலிருந்து இவன் ஒருவரோடும் கதைப்பதில்லை. சங்கம் கொடுத்த அரிசிப் பொதியைக்கூட வாசலிலேயே விட்டுவிட்டான்.

"படிச்ச திமிர்," என்று முணுமுணுத்தார். "தனக்கு மூக்குப் போனாலும் ஊருக்குச் சகுனம் பிழைச்சால் காணும் எண்டு நிக்கிறான்."

அந்தக் கோபம் நிலைக்கவில்லை. மகள் தனுசியாவுக்கு இது எட்டாம் மாதம். போன கிழமை கிளினிக்குக்குப் போனபோது, பனங்குற்றியின் மேல் உட்கார்ந்தபடி நகர்ந்து நகர்ந்துதான் வாய்க்காலைத் தாண்டினாள். பாதியில் பயந்து அழுதவளை, தண்ணீருக்குள் இறங்கி நின்று அவர்தான் தாங்கிப் பிடித்தார்.

"தம்பி," என்றார். குரல் இறங்கியிருந்தது. "எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு. ஜெயனிக்கு வந்தது அவளுக்கும் வரவோ? நீயே சொல்லு."

ஜொனதன் முதல் தடவையாகத் திரும்பினான். பேனையை வாங்கினான். படிவத்தை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தான்.

"சேர், மதகு உடைஞ்ச நேரத்தை எழுதாமல் விடேலாதோ?"

"ஏலாது. கணக்காய்வுக்கு முதல் அதைத்தான் பாப்பினம்."

"இதென்ன விசர்க் கதை?" என்றார் பஞ்சலிங்கம். "இரவு பத்து மணி எண்டு போடுங்கோ, சேர். நான் இதிலை வந்து நிண்டு டோர்ச் அடிச்சுப் பாத்தனான். தண்ணிதான் பாயுது, மதகைக் காணேல்லை."

நிருஷன் கோப்பைப் புரட்டினான். "ஐயா, அதிலை ஒரு சிக்கல் கிடக்கு. பாண் விக்கிற செபமாலை, ஓட்டோ உடைஞ்சதுக்கு நட்டஈடு கேட்டு எழுதியிருக்கிறார். மழை பன்னிரண்டுக்கே விட்டிட்டுதாம். விடிய இதாலை வரேக்கை கணுக்காலளவு தண்ணிதானாம். பின் சில்லு ஏறத்தான் மதகு சரிஞ்சதாம்."

"உவன்ரை கதையை விடுங்கோ சேர். உவன் பிரளயத்துக்கும் பாண் கொண்டு வாறவன்."

"படமும் எடுத்து வைச்சிருக்கிறார்."

பஞ்சலிங்கம் படத்தை வாங்கிப் பார்த்தார். மங்கிய வெளிச்சத்தில், பாதி மதகில் ஓட்டோ சரிந்து கிடந்தது. பாண்கள் சேற்றில் சிதறியிருந்தன. மூலையில் நேரம் பதிந்திருந்தது: 05:41.

நிருஷன் ஜொனதனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "உங்கடை மனுசி எத்தினை மணிக்குச் செத்தவ?"

"மூண்டு மணிக்கு."

"எத்தினைக்கு இழுக்கத் தொடங்கினது?"

"பன்னிரண்டரை இருக்கும்."

"அப்ப மதகு இருந்திருக்கு." நிருஷன் கோப்பை மூடினான். "அம்புலன்சுக்கு அடிச்சனீங்களோ?"

"இல்லை."

பஞ்சலிங்கம் சீறினார். "அடிக்கேல்லையோ? ரெண்டரை மணித்தியாலம் அந்தப் பிள்ளை மூச்சுக்குத் தவிச்சுக்கொண்டு கிடக்க, நீ ஒரு போன் எடுக்கேல்லையோ? நீயெல்லாம் ஒரு மனுசனோ? இதுக்குத்தானோ கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நிண்டனி?"

ஜொனதன் நிருஷனைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

"மதகு உடைஞ்சு போச்சுது, அடிச்சாலும் ஒருத்தரும் வரேலாது எண்டு இருந்திட்டன். நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தனான்."

"மதகு உடைஞ்சு போச்சுது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஜொனதன் பேனையை மூடி, கையெழுத்து வைக்காத படிவத்தின் மேல் வைத்தான்.

"மறந்து போனன், சேர்."

பஞ்சலிங்கத்தின் கையிலிருந்த படம் நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. 

"நானெல்லோ தம்பி உனக்குப் போன் எடுத்துச் சொன்னது."