கிராம்பா, வாழைப்பழமா?

“மோந்து பாத்து சொல்லு லௌரோ, வாழைப்பழ வாசம் வருதா, கிராம்பு வாசம் வருதா?”

அண்ணி இவோனி நோட்டும் பேனாவுமாக எதிரில் நின்றாள். கோதுமை பீர் கோப்பையிலிருந்து மூக்கை எடுத்தான் லௌரோ.

“பீர் காய்ச்சுறீங்களா, போலீஸ் விசாரணை பண்றீங்களா அண்ணி?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“வாழைப்பழம்தான் தூக்கலா இருக்கு.”

உடனே எழுதிக்கொண்டாள். தபால்காரர் வந்தாலும் ஒரு வாய் கொடுத்துக் கருத்துக் கேட்காமல் விடமாட்டாள். பாத்திரத்தைக் கழுவுவதென்றால் கண்ணாடி மாதிரி கழுவுவாள். சுட்ட இறைச்சி தின்ற கையோடு கட்டின புருஷனே கிட்டே வர முடியாது. எவ்வளவு சூடு, வாழைப்பழ, கிராம்பு வாசத்தைக் கொடுக்கிற ஈஸ்ட் எது, என்றைக்குப் போட்டது, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

“நாக்கு இருக்கறவனுக்கு நோட்டு எதுக்கு அண்ணி? நான் ஒரு வரி எழுதினது கிடையாது. இந்த வருஷமும் திருவிழாவுல என் பீர்தான்.”

“பாக்கலாம்” என்றாள் இவோனி.

போமெரோடே ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்தில் அந்த வருடம் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. முதல் சுற்றில் தேறியவர்கள் அதே பீரை மறுபடியும் காய்ச்ச வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் திருவிழாவில் ஊற்றுவார்கள். லௌரோவும் தேறினான், இவோனியும் தேறினாள்.

இறுதிச் சுற்றில், நடுவர் கெர்டா லௌரோவின் இரண்டு கோப்பைகளையும் குடித்துப் பார்த்தாள்.

“ஏம்ப்பா, இது ரெண்டும் ஒரே அம்மா பெத்த பிள்ளைங்கதானா?”

கூடமே சிரித்தது. லௌரோ வாங்கிக் குடித்துப் பார்த்தான். இரண்டாவது புளித்தது. முதல் தடவை என்ன செய்தோம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்து இவோனியுடையது. கெர்டா மாறி மாறிக் குடித்தாள். எது முதலில் காய்ச்சியது, எது பிறகு காய்ச்சியது என்று அவளால் சொல்லவே முடியவில்லை.

“இவோனிதான்!” என்றாள்.

தோற்றதில் லௌரோவுக்கு வருத்தம்தான். ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கைதட்டியவன் அவன்தான்.

“எங்க அண்ணி! எங்க வீட்டு அண்ணி!”

கெர்டா ஒரு கோப்பையை நிரப்பி இவோனியிடம் நீட்டினாள். “முதல் வாய் உனக்குத்தான். குடிச்சுப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லும்மா.”

இவோனி ஒரு வாய் குடித்தாள். கண் கலங்கிவிட்டது. கோப்பையை லௌரோவிடம் கொடுத்தாள்.

“நீயே சொல்லிடு லௌரோ. முன்னமே சொல்லியிருந்தா ஒருத்தரும் என் பீரைத் தொட்டிருக்க மாட்டீங்க. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து படுத்ததிலேருந்து எனக்கு வாசமும் தெரியாது, ருசியும் தெரியாது. உங்க எல்லாரோட நாக்கையும் வெச்சுத்தான் இதைக் காய்ச்சினேன்.”