இரும்புக்காரி

சமையல் உப்பை நைசாக அரைத்து, துளி மஞ்சள் சாயம் கலந்து உலர்த்தி வைத்திருந்தான் அவன். அதை அவளுடைய புட்டியில் கொட்டி மூடியபோது அசல் இரும்பு வினையூக்கிப் பொடி போலவே இருந்தது. அசலைக் கழிவு டப்பாவில் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலத் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான்.

மேஜையில் அவனுடைய கலக்குக் காந்தங்கள் அமிலக் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தன. குடுவைக்குள் போட்டுச் சுழலவிடும் விரல்நுனி அளவுக் குச்சிகள், எல்லாம் கன்னங்கரேலென்று. பல்லேடியத்தோடு மாரடிக்கிறவனுக்கு இது ஒரு தீராத தொல்லை. மேலே படிந்த பல்லேடியக் கறை கழுவினாலும் போகாது. போதாததற்கு அவ்வப்போது ஒன்றிரண்டு காணாமல் வேறு போகும்.

ஆனாலும் பல்லேடியம் என்றால் அவனுக்குப் பெருமைதான். தங்கத்துக்குச் சமமாக விலை சொல்கிற உலோகம். தூசியளவு இருந்தால் போதும், இரண்டு மூலக்கூறுகளைப் பிடித்து ஒட்டிவிடும். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருந்தான்.

நேற்று வந்தவள், அதே வேலையை மலிவான இரும்பே செய்கிறது என்றாள். ஆய்வுக்கூடமே அவளை இரும்புக்காரி என்று கொண்டாடியது. அவனும் புத்தம்புதுச் சாமான்களை வைத்துச் செய்து பார்த்தான். ஒரு மண்ணும் ஒட்டவில்லை. அவள் செய்தால் மட்டும் ஒட்டியது. 'கைராசி' என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேராசிரியர் கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டார். "எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டட்டும். சாமான் எல்லாம் நீயே எடுத்துக் கொடு. வரலைன்னா அவ கிளம்ப வேண்டியதுதான். வந்துச்சுன்னா உன் பல்லேடியத்தை மூடிருவோம்."

அன்று காலை எல்லாரும் சுற்றி நின்றார்கள். குடுவையையும், ஒட்டவேண்டிய பொருள்கள் கலந்த கரைப்பானையும் கொடுத்துவிட்டு, கடைசியாகப் பொடிப் புட்டியை நீட்டினான்.

"என் புட்டி உங்ககிட்ட எப்படிண்ணா வந்துச்சு?"

"சார்தான் எடுத்துக் கொடுக்கச் சொன்னாரு. ஏன், பயமா இருக்கா?"

"நான் எதுக்குப் பயப்படணும்?"

பொடி கரைப்பானில் விழுந்து, கரையாமல் அடியில் அப்படியே தங்கியது. அவள் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். பிறகு கோட்டுப் பைக்குள் கையைவிட்டு ஒரு காந்தத்தை எடுத்து உள்ளே போட்டு, சுழலவிட்டாள்.

ஒழிந்தாள் என்று அவன் மனசுக்குள் சிரித்துக்கொண்டான். மதியச் சாப்பாடுகூட அன்றைக்கு ருசியாக இறங்கியது.

சாயங்காலம் கருவி வரைந்து தந்த கோட்டைப் பார்த்த பேராசிரியர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"முழுசா ஒட்டியிருக்குப்பா."

அவன் கோட்டை எட்டிப் பார்த்தான். உள்ளே போனது வெறும் உப்பு. உப்பு எதையும் ஒட்டாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். சொல்லிவிடலாமா? உப்பை வைத்தது யார் என்று கேட்டால் அவன் கதை கந்தல்.

"குடுவை, கரைப்பான், பொடி, எல்லாம் உன் கையால கொடுத்ததுதானே?" என்றார் பேராசிரியர், அத்தனை பேரும் கேட்க.

"ஆமா சார்."

"அப்பச் சந்தேகமே இல்ல. நாளையிலேருந்து நீ அவளுக்கு உதவியா இரு."

கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலைந்தது. அவமானத்தில் குன்றிப்போய் அவன் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் இடுக்கியில் எதையோ பிடித்தபடி வந்து, அவனுடைய அமிலக் கிண்ணத்துக்குள் போட்டாள். ஒரு காந்தம். கிண்ணத்தில் கிடந்த மற்றவற்றைப் போலவே அதுவும் கன்னங்கரேலென்று இருந்தது.

குனிந்து அவன் காதருகே மெதுவாகச் சொன்னாள்:

"அடுத்த தடவை உப்பு வைக்கும்போது காந்தத்தையும் மாத்திருங்கண்ணா."