வீணாக்க ஓட்டிய கணக்கு

"பாக்காமலே அழிச்சிடு" என்றேன்.

கோபத்தில் ஓட்டிய கணக்குக்கு விடை எதற்கு?

அம்சவேணி என் ஆராய்ச்சி மாணவி. ஆம்பூர்ப் பக்கம். மூன்று வருடமாக ஒரே வேலை: மூலக்கூறுக்குள் எலெக்ட்ரான் எப்படி நகர்கிறது என்று கம்ப்யூட்டரில் போடும் கணக்கை மலிவாக்குவது.

பழைய முறை கல்யாணப் பந்தி மாதிரி. யார் எங்கே உட்காருவார்கள் என்று தெரியாது. அதனால் மண்டபம் முழுக்க இலை போட்டு வைக்கும். எங்கள் முறை ஆள் வரத்தைப் பார்த்து இலை போடும், எழுந்து போன இடத்தில் எடுத்துவிடும். இலை என்று நான் சொல்வது கணக்கின் அடிப்படைச் சார்புகளை. முறை அவளுடையது. பந்தி உதாரணம் மட்டும் என்னுடையது. கருத்தரங்குகளில் கைதட்டல் அதற்குத்தான் விழும்.

ஒன்றரை மாதம் ஓட வேண்டிய கணக்கு நாலைந்து நாளில் முடிந்தது. சின்ன மூலக்கூறுகளில் இரண்டு முறைக்கும் அச்சாக ஒரே விடை. பெரியதில் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கு நேரம்?

பல்கலைக்கழகக் கணினிக் கமிட்டி எங்களை உடனே கவனித்தது. பத்தில் ஒரு பங்கு நேரம்தானே உபயோகித்தீர்கள், அடுத்த வருடம் அவ்வளவே போதும் என்று எழுதிவிட்டது. மிச்சமெல்லாம், கணக்கை ஓட விட்டுவிட்டு ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு.

கமிட்டித் தலைவர் பஞ்சாட்சரத்தின் அறைக்குப் போய்க் கத்தினேன். நான் கத்தினால் குரல் கீச்சென்று போய்விடும். அவர் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க யூசேஜ் ஜாஸ்தியாச்சுன்னா பாக்கலாம் சார்."

ஜாஸ்திதானே? இந்தா.

அன்றைக்கே பழைய புரோகிராமைத் தூசி தட்டினோம். அவள் ஆய்வேட்டின் கடைசி மூலக்கூறையே அதற்குத் தீனியாகப் போட்டோம். தோல் பதனிடும் ஆலைக் கழிவில் கிடக்கும் குரோமியச் சேர்மம் அது. வெயில் பட்டால் அதிலிருந்து எலெக்ட்ரான் வெளியேறுமா என்பது கேள்வி. வெளியேறினால் சாதுவான குரோமியம் விஷமாக மாறத் தொடங்கும். வெளியேறாது என்பது எங்கள் முறை சொன்ன விடை. முடிவுரையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம்.

ஒன்றரை மாதம் தின்னட்டும் என்று விட்டோம். மிஷின் சூடாவதை நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று முடிந்தது. நாளை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி. ஒரு கல்லூரி வேலை அவளுக்காகக் காத்திருக்கிறது.

"சும்மா ஒரு தடவ பாத்துட்டு அழிக்கிறேன் சார்." சிரித்துக்கொண்டே இரண்டு விடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வரைந்தாள்.

ஒட்டவில்லை.

பழைய புரோகிராமில் எலெக்ட்ரான் வெளியேறியிருந்தது. மெல்லிசாக, நூல் மாதிரி. இவ்வளவு சொற்பத்துக்கு இடம் எதற்கு என்று எங்கள் முறை முதல் நாளே கழித்துக்கட்டிய வழியாக.

பஞ்சாட்சரத்துக்காக நான் சேர்த்து வைத்திருந்த கெட்ட வார்த்தைகள் அத்தனையும் வாயிலேயே நின்றுவிட்டன.

அவள் சிரிப்பு போய்விட்டது. எனக்கு நாளைய தேதிதான் கண்ணில் நின்றது.

"ரொம்பக் கம்மிதானேம்மா" என்றேன்.

மூன்று வருடத்தில் என்னிடம் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாத பெண். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடிக்க எழுந்தாள்.

"கம்மியா? எங்க வூட்டுக் கெணத்தாண்ட வந்து சொல்லுங்க சார், கம்மின்னு!"

அவள் வீட்டில் கிணறு இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். ஏன் இந்த மூலக்கூறு என்று நான் கேட்டதேயில்லை.

பைண்டிங் கடை அதாவுல்லா பாய்க்கு நான்தான் போன் போட்டேன். அட்டை ஒட்டியாச்சு, தங்க எழுத்தும் அடிச்சாச்சு, சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க என்றார் சந்தோஷமாக.

"பிரிச்சிடுங்க பாய்" என்றேன்.