கரடிக்குத் தூக்கு

பட்டப்பகலில், விளையாட்டுத் திடலில், குழந்தைகள் கண்ணெதிரே ஒரு கரடி பொம்மையைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தார் பல் டாக்டர்.

தையல்கார அம்மாவுக்கு வந்ததே கோபம்! துணிப்பையை இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

"டாக்டர்! உங்களுக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா? பச்சைப் புள்ளைங்க பார்க்கப் பண்ற வேலையா இது?"

"ஒரு நிமிஷம்மா. இப்ப விழுந்துடும்."

ஏறி விளையாடும் கம்பிகளுக்கு நடுவே ஒரு குட்டி சைக்கிள் ஹெல்மெட் சிக்கியிருந்தது. அதன் தாடைப் பட்டையில் கரடி தொங்கியது. கனத்துக்காகக் கரடியின் வயிறு நிறைய ஈர மணல் வேறு.

டப்பென்று க்ளிப் திறந்தது. கரடி பொத்தென்று விழுந்தது. வாண்டுகள் கை தட்டின.

"என் பையனோட ஹெல்மெட் பாஸ்! அடுத்தது யாருது?" என்றார் டாக்டர்.

"என்னது, வரிசையா வேறயா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. சைக்கிளை விட்டு இறங்கினா ஹெல்மெட்டைக் கழட்டுங்கடான்னா எவன் கேக்கறான்? அதோடயே ஏறுறானுங்க. தலை கம்பியில மாட்டிக்கிட்டா உடம்பு தொங்கும், பட்டை கழுத்தை நெரிச்சிடும். அதுக்குத்தான் பலமா இழுத்தா தானா திறக்கிற க்ளிப். திறக்குதான்னு பார்க்கிறேன்."

"நல்லா இருக்கே நியாயம்! இழுத்தா திறக்கறதுக்குப் பேரு க்ளிப்பா? இந்தத் தெருப் புள்ளைங்களோடது எல்லாமே அப்படித்தான் பொசுக்கு பொசுக்குன்னு கழண்டுச்சு. மட்டமான சரக்குன்னு நான்தான் ஒவ்வொண்ணா வாங்கி, க்ளிப்பையே சேர்த்து செருப்புத் தைக்கிற நூலால தைச்சுக் கொடுத்தேன். தலை நுழையற அளவுக்குத்தான் இடம் விட்டிருக்கேன். யானை கட்டி இழுத்தாலும் பிரியாது!"

டாக்டர் வாயைப் பிளந்தார். மற்றவர்கள் வாயைத் திறக்கவைத்துத்தான் அவருக்குப் பழக்கம்.

"யார் யாருக்கும்மா தைச்சீங்க?"

"கேட்டவங்களுக்கு எல்லாம். கேக்காதவங்களுக்கும்."

அவர் ஒரு வாண்டின் ஹெல்மெட்டை வாங்கிக் கம்பியில் சிக்கவைத்து, கரடியை மாட்டிவிட்டார்.

கரடி விழவில்லை. டாக்டர் அதன் காலைப் பிடித்து இழுத்தார். இரண்டு வாண்டுகள் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தன. ம்ஹூம். கரடியின் கழுத்து விரல் கனத்துக்கு ஒடுங்கி, தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது.

தையல்கார அம்மாவின் முகமெல்லாம் பெருமை.

"பார்த்தீங்களா என் தைய..."

"அம்மா! இங்க பாரேன்!"

நிமிர்ந்தாள். கம்பிகளின் உச்சியில் அவள் மகள். தலையில் ஹெல்மெட். இரண்டு கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டுப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தாள்.

தையல்கார அம்மா பையிலிருந்த கத்திரிக்கோலை உருவிக்கொண்டு, செருப்பை உதறிவிட்டுக் கம்பியில் தாவி ஏறினாள்.

"ஐயையோ! புள்ளை கழுத்துல கத்திரிக்கோலை வைக்கிறா, யாராவது பிடிங்க!" என்று தெருவில் போனவர்கள் கத்தினார்கள்.

நறுக்கென்று பட்டை அறுந்தது. மகளை இறுக்கி அணைத்தபடி அவள் அவர்களைவிடப் பெரிதாகக் கத்தினாள்:

"எல்லாரும் கீழ இறங்குங்கடா! உங்க கழுத்துக்குச் சுருக்குத் தைச்சுக் கொடுத்தவளே சொல்றேன், இறங்குங்க!"